யப்பான் மலையைச் சோத்துக்கைப் பக்கம் விட்டு

சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில் பக்கம் ஒரு தமிழர் ஜப்பான்காரனிடமிருந்து ஒரு மலையையே விலைக்கு வாங்கிவிட்டாராம். இதை நான் கேட்டது ஹரிஸ் பார்க்கில், ஜிலேபிக்காக நின்ற வரிசையில். சொன்னவர் அருமைநாதன், மலேசியாக்காரர், என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அவருக்குச் சொன்னது அவர் மனைவியோடு பாட்டு வகுப்புக்குப் போகும் ஓர் அம்மாள்.

"சும்மா சொல்லலை லா. மலையில விளக்கு, பாலம், கொக்கு எல்லாம் இருக்காம். ஆளு பேரு மகேந்திரராஜாவாம்."

எனக்கு ஜிலேபி ஆசையே போய்விட்டது. மகேந்திரராஜா என் வீட்டுக்காரர். அவர் வீட்டின் பின்னறையில்தான் நான் குடியிருந்தேன். மனிதர் மலை வாங்கியிருந்தால் வீட்டை விற்றிருக்க வேண்டும். வீட்டை விற்றிருந்தால் நான் எங்கே போவது? ரயிலில் வரும் வழியெல்லாம் இதே யோசனை. ப்ளாக்டவுன் தாண்டுவதற்குள் மனதுக்குள் மூன்று இடங்களில் அறை தேடிவிட்டேன். மூன்றிலும் சமைக்கக் கூடாது என்றுவிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டேன். அவர் மனைவி சிவசோதி அன்ரி குசினியிலிருந்து சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அகப்பையே நழுவிவிட்டது.

"மலையோ? இந்த மனுசன் ஒரு கதிரை வாங்கப் போனாலே ஊரில உள்ள கடையெல்லாம் ஏறி இறங்கி, கடைசியில பழைய கதிரைக்கு ஆணி அடிச்சுப்போட்டு அதிலையே இருக்கும்!"

அங்கிள் சிரிக்கவில்லை. வாங்கவில்லை என்றும் சொல்லவில்லை. "ஒண்டை எங்கட எண்டு சொல்ல, வாங்கத்தான் வேணுமெண்டில்லை, தம்பி," என்றார்.

வீடு பத்திரமாக இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மலை என்று ஊர் பேசியது இதைத்தான்: எங்கள் குடியிருப்பு புதிதாக மனை பிரித்து விற்கப்பட்டது. 'சகுரா ரைஸ்' என்று பெயர் வைத்து விற்ற கம்பெனி, அந்த ஜப்பானியப் பெயருக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று, சாக்கடைக்குத் தோண்டிய மண்ணையெல்லாம் வாசலில் குவித்துவைத்திருந்தது. இரண்டு ஆள் உயரம் இருக்கும். உச்சியில் சாய்ந்த பைன் மரம் ஒன்று. அதற்குக் கீழே கொஞ்ச தூரத்துக்கு வெள்ளைக் கூழாங்கல் கொட்டியிருக்கும். அதைப் பனி என்று வைத்துக்கொள்ள வேண்டும். அடிவாரத்தில் தண்ணீரே இல்லாத ஓர் ஓடை, அதைக் கடக்க ஒரு சிவப்புப் பாலம். பாலத்தருகே கல்விளக்கு. அதற்கும் அந்தப் பக்கம் ஒற்றைக் காலில் நிற்கும் சிமெண்ட் கொக்கு. கல்விளக்கு தூரத்துப் பார்வைக்குச் சிவலிங்கம் மாதிரி இருக்கும். குடியிருப்புக்குப் புதிதாக வந்த யாரோ ஒரு நாள் அதற்குச் செம்பருத்திப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அங்கிள் அதை 'யப்பான் மலை' என்பார். குவேக்கர்ஸ் ஹில்லிலேயே சொல்லிக்கொள்ளும்படி மலை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அதனால் போட்டிக்கு வேறு ஆளில்லை.

எண்பத்தொன்பதில் சிட்னிக்கு வந்தவர் அவர். மெத்தை செய்யும் தொழிற்சாலையில் முதுகு வலிக்கிறவரை வேலை செய்தார். முதுகு வலித்ததும் அவர்களே ஒரு மெத்தையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பழைய டராகோ வேன், விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றி இறக்குவது, கோயில் திருவிழாவுக்குப் பாத்திரம் கொண்டுபோவது. இதற்கெல்லாம் மேலாக அவர் மனம்வைத்துச் செய்த காரியம் வழி சொல்வது. சிட்னியின் மேற்கில் எந்த மண்டபத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் வழி தெரியாதவர்கள் அவருக்குத்தான் போன் போடுவார்கள்.

தெருப்பெயர் சொல்லவே மாட்டார். மீன்கடை, பெரிய மரம், மூடிக்கிடக்கும் பெட்ரோல் நிலையம், இப்படித்தான் போகும் அவர் பாதை.

"தெருப்பேரை வெள்ளைக்காரன் நினைச்ச நேரம் மாத்துவான், தம்பி. மலையை மாத்துவானோ?"

எங்கள் தெருவுக்கு அவர் முறைதான் சரி என்று நானும் ஒப்புக்கொண்டேன். கார்களில் வைக்கும் வழிகாட்டிப் பெட்டிகளுக்கு எங்கள் தெருவே தெரியாது. நாங்கள் குடியிருந்த இடத்தில் அவை வெறும் பச்சைப் புல்வெளியைக் காட்டின. பிரதான சாலையிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி மூன்று குடியிருப்பு வாசல்கள். மலை இருப்பதுதான் எங்களுடையது.

அவருக்கு ஒரே ஒரு சிக்கல். வலது, இடது என்ற சொற்கள் நாக்குக்கு வராது. வந்தாலும் மாறி வரும். அதனால் 'சோத்துக்கைப் பக்கம்', 'மற்றக்கைப் பக்கம்' என்றுதான் சொல்வார். சொல்லும்போது வலக்கை விரல்கள் தாமாகக் குவிந்து வாய்வரைக்கும் போய் வரும். கையைச் சாப்பிடவிட்டுப் பார்த்தால்தான் பக்கம் தெரியும். முதன்முதலாக இங்கே லைசென்ஸ் எடுக்கப் போனபோது, அதிகாரி "டேர்ன் ரைட்" என்றதும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஒரு கவளம் சாப்பிட்டிருக்கிறார். அந்தப் பெண் அதிகாரி இரக்கப்பட்டு, காலைச் சாப்பாடு ஆகவில்லையா என்று கேட்டாராம்.

இந்தக் கைதான் இரண்டாயிரத்து ஒன்பதில் குடும்பத்தைப் பிரித்தது.

அங்கிளின் அக்கா நாகேஸ்வரி மெல்பேர்ணில், நோபல் பார்க்கில் இருக்கிறார். அக்காவின் கணவர் சிறீஸ்கந்தராசா, அங்கிளுக்கு அத்தான். அந்த ஆண்டு அத்தானின் தம்பி மகனுக்குச் சிட்னியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோய்க் கொடுக்க, மணப்பெண் உடுத்திக்கொண்டு வந்து தாலிக்கு உட்கார வேண்டிய கூறைச் சேலை அத்தானின் காரில் இருந்தது. ஓட்டியவன் அத்தானின் மகன் நிரோஜன். மண்டபத்துக்கு வழி சொன்னவர் எங்கள் அங்கிள்.

"சோத்துக்கைப் பக்கம் திருப்பச் சொல்லுங்கோ, அத்தான்," என்றிருக்கிறார். அத்தானும் அப்படியே மகனிடம் சொல்லியிருக்கிறார். கார் கட்டூம்பா போகும் மலைப்பாதையில் ஏறிவிட்டது. மண்டபத்தில் ஐயர் சொல்ல வேண்டிய மந்திரம் தீர்ந்து, சொன்னதையே திருப்பிச் சொல்லி, அதுவும் தீர்ந்து, ஒரு கட்டத்தில் மைக்கில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டாராம். கூறை வந்து சேர்ந்தபோது முகூர்த்தம் போய்விட்டது.

"மகேந்திரராஜா வழி சொல்லுற வீட்டுக்கு நான் இனிக் கால் வைக்கமாட்டன்," என்று அத்தான் எல்லோர் முன்னாலும் சொன்னார். அங்கிள் அப்போதுதான் இந்த வீட்டைக் கட்டத் தொடங்கியிருந்தார். வீடு எழும்பியது, பால் காய்ச்சியாயிற்று, பெயின்ட் கூட மங்கத் தொடங்கியது. அக்கா மட்டும் வரவில்லை. அத்தானை விட்டுவிட்டுத் தனியாக வரமாட்டேன் என்றுவிட்டார்.

முன்னறையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா ஒன்று இருந்தது. நான் குடிவந்த புதிதில் அதில் உட்காரப் போனேன். "அதில வேண்டாம், தம்பி. அது அக்கா வந்து இருக்கிறதுக்கு," என்றார் அங்கிள். தரையில் உட்கார்ந்து டிவி பார்த்தோம்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு நாள் அக்கா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை சிட்னியில் ஒரு சாமத்தியச் சடங்கு, பெண் பெரியவளான விழா. வெள்ளிக்கிழமை இரவே காரில் கிளம்புகிறார்கள். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கிள் வீட்டில் இறங்க அத்தான் சம்மதித்துவிட்டாராம். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு திருப்பம் பிழைத்தாலும் காரைத் திருப்பி நேரே தான் தங்கும் இடத்துக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சே கூடாது.

அக்கா பேசிக்கொண்டே இருந்தபோது பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். நிரோஜன் காரோட்டிக்கொண்டே சாப்பிடுகிறானாம், அவருக்குப் பயமாக இருக்கிறதாம். "ஒரு கை ஸ்டியரிங்கில, இடக்கையில பர்கர். இவனுக்கு எல்லாம் இடக்கைதானே. பென்சில் பிடிச்சதும் இடக்கை, கரண்டி பிடிச்சதும் இடக்கை. சோறும் அதாலதான். நான் அடிச்சும் பாத்திட்டன்."

அங்கிள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். சிவசோதி அன்ரி முதலில் புரிந்துகொண்டு வாயைப் பொத்தினார்.

"அக்கா," என்றார் அங்கிள். "அப்ப அண்டைக்குச் சோத்துக்கைப் பக்கம் எண்டு நான் சொன்னது..."

"அவன் தன்ர சோத்துக்கைப் பக்கம் திருப்பினவன்," என்றார் அக்கா. "ஐயோ, ராசா."

"அப்ப நான் சொன்னதும் சரி. அவன் போனதும் சரி!"

"உதை அத்தானிட்டச் சொல்லிப்போடாதை. தன்ர பெடியன் எந்தக் கையால சாப்பிடுறான் எண்டு தெரியாத தகப்பன் எண்டு நீ சொல்லுறாய் எண்டுவார்."

அது உண்மைதான். சொல்ல முடியாது. ஆகவே இந்த முறை வழியில் கையே வரக்கூடாது என்று அங்கிள் முடிவுசெய்தார். இடக்கைக்காரன், வலக்கைக்காரன் யாராக இருந்தாலும் பிழைக்காத வழி. முன்னறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து அதை உருவாக்கினார். நான்தான் அவருக்குக் கார். ஒரு சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னபடி சோபாவைச் சுற்றி வந்தேன்.

கொக்கு இங்கேதான் உதவிக்கு வந்தது. ஸ்கேட்போர்டு விளையாடிய பையன்கள் சில மாதங்களுக்கு முன் அதன் தலையை உடைத்துவிட்டார்கள். அங்கிள் சிமெண்ட் குழைத்து ஒட்டினார். காய்ந்த பிறகுதான் தெரிந்தது, தலை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது.

"கொக்குக்குக் கழுத்தில சுளுக்கு," என்று அன்ரி சொல்லாத நாளில்லை.

அங்கிளோ வேண்டுமென்றே செய்ததாகச் சாதித்தார். பின்பக்கம் திரும்பியதால் கொக்கு இப்போது நேராக எங்கள் தெருவைத்தான் பார்த்தது.

கடைசியில் வழி இப்படி அமைந்தது: பிரதான சாலையில் வாங்கோ. ரவுண்டபௌட் தாண்டினவுடன் டிரைவர் இருக்கிற பக்கம் ஒரு யப்பான் மலை தெரியும். அதில திருப்புங்கோ. கொக்கு பாக்கிற தெருவுக்குள்ள வாங்கோ.

ஒரு கையும் இல்லை. அக்காவுக்குப் போனில் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லவைத்து, இன்னொரு தடவையும் சொல்லவைத்தார்.

எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "அங்கிள், எதுக்கும் ஸ்டேஷன்ல வந்து நிக்கச் சொல்லுங்களேன். நான் போய்க் கூட்டிட்டு வந்துடுறேன்."

"அத்தானை ஸ்டேசன் வாசலில நிப்பாட்டுறதோ? டக்சிக்கு நிக்கிற சனம் மாதிரி? நல்ல கதை! மலை நிக்குது, தம்பி. நீர் ஏன் பயப்பிடுறீர்?"

சனிக்கிழமை காலை. குசினியில் அன்ரி கணவாய் மீன் கறிக்கு மிளகாய்த்தூளை வறுத்துக்கொண்டிருந்தார். அத்தானுக்குக் கணவாய் என்றால் உயிர். சோபாவின் பிளாஸ்டிக் உறையை அங்கிள் ஒரு சடங்கு மாதிரி பிரித்தார். என்னைப் பால் வாங்க அனுப்பினார்கள்.

தெருமுனைக்குப் போன நான் பால் வாங்காமலே ஓடிவந்தேன்.

"அங்கிள்! மலை!"

"மலைக்கு என்ன?"

"இல்லை."

"என்ன இல்லை?"

"மலை இல்லை, அங்கிள்."

முகத்தில் சவர நுரையோடு வந்து பார்த்தார். ஒரு மஞ்சள் இயந்திரம் பைன் மரத்தை ஏற்கனவே பிடுங்கிப் போட்டிருந்தது. மலையில் இடுப்பளவு உயரம் மிச்சம். பனி லாரியில் ஏறிவிட்டது. பக்கத்தில் ஒரு புதுப் பலகை: கடைசி இரண்டு மனைகள் விற்பனைக்கு. மனையெல்லாம் விற்றுத் தீர்ந்தபின் மலைக்கு வேலையில்லை. அதன் அடியில் இருந்ததும் இடம்தானே.

இயந்திரம் ஓட்டியவன் செந்தாடி வைத்த பெரிய ஆள். அங்கிள் அவன் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"பிரதர், ப்ளீஸ். லஞ்ச் வரைக்கும் வெயிட். மை சிஸ்டர் கமிங். டோண்ட் டச் த மௌண்டன்."

அவன் இயந்திரத்தை நிறுத்தினான். இறங்கிச் சுற்றிலும் பார்த்தான். "வாட் மௌண்டன்?" என்றான்.

கேலியாகக் கேட்கவில்லை, பாவம். உண்மையாகவே தேடினான்.

நான் ஆங்கிலத்தில் விஷயத்தை விளக்கினேன். அக்கா, அத்தான், கூறைச் சேலை, இடக்கை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன்னால் நிறுத்த முடியாது, ஆனால் வேண்டுமானால் அந்தக் கோழியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றான்.

"கோழியோ!" என்றார் அங்கிள். மலை போனதைவிட அதுதான் அவரைச் சுட்டது. "கொக்கு! டெல் ஹிம், தம்பி. கொக்கு!"

அக்காவுக்குப் போன் போட்டோம். அணைந்திருந்தது. அக்கா, தான் பேச வேண்டிய நேரத்தில் மட்டும்தான் போனை உயிர்ப்பிப்பார், பேட்டரி தீர்ந்துவிடுமாம். நிரோஜனின் நம்பர் அங்கிளிடம் இல்லை. அத்தானின் நம்பர் இருந்தது. அதை அழுத்த அங்கிள் துணியவில்லை.

"அப்ப நாங்களே ஒண்டு கட்டுவம்," என்றார் அங்கிள்.

செந்தாடிக்காரன் தேநீருக்குப் போகுமுன் மனமிரங்கி இயந்திரத்தால் ஒரு வாளி மண்ணைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனான். அங்கிளும் நானும் மண்வெட்டியால் அதைக் குவித்தோம். முழங்கால் உயரத்துக்கு மேல் நிற்க மறுத்தது. கல்விளக்கை உருட்டிவந்து பக்கத்தில் வைத்தோம். பாலத்தில் உடைந்த ஒரு சிவப்புக் கைப்பிடியைச் செருகினோம். வீட்டிலிருந்து கால் கிலோ பச்சரிசி கொண்டுவந்து மேலே தூவினார் அங்கிள். பனி. புறாக்கள் வந்து பனியைத் தின்னத் தொடங்கின.

கொக்கைத் தூக்குவதுதான் பெரும்பாடு. ஆளுக்கொரு பக்கம் பிடித்து மண்ணில் நட்டோம். முகம் எங்கள் தெருவைப் பார்க்கும்படி வைத்தோம். கையை எடுத்ததும் மெல்லச் சாய்ந்து பக்கத்துக் குடியிருப்பைப் பார்த்தது. திருப்பி வைத்தோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வானத்தைப் பார்த்தது.

போகிறவர்கள் காரின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ஒரு சீனக் கிழவர் இறங்கிவந்து கைகூப்பிவிட்டுப் போனார். எனக்கு வேறு கவலை: சாலையோரம் மண் கொட்டினால் அபராதமா, விசாவில் எழுதுவார்களா என்று. அங்கிளிடம் கேட்டேன். "மலை கட்டினதுக்கு ஒருத்தரையும் திருப்பி அனுப்பினதா நான் கேள்விப்படேல்லை," என்றார்.

சிவசோதி அன்ரி அகப்பையோடு வந்து சேர்ந்தார். மலையைப் பார்த்தார். அங்கிளைப் பார்த்தார், ஒரு கன்னம் சவரம் செய்தது, ஒரு கன்னத்தில் நுரை காய்ந்திருந்தது, முழங்கைவரை சேறு.

"இஞ்சேருங்கோ, இதென்ன கோலம்?"

"ரண்டு பேரும் சேந்து கொக்கைப் பிடியுங்கோ. நான் மேல ஏறி நிக்கிறன். மலை உயரம் காணாது."

ஏறி நின்றார். நாங்கள் கொக்கைப் பிடித்துக்கொண்டோம். அவர் காலடியில் மலை கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையானது.

அப்போதுதான் ரவுண்டபௌட்டில் ஒரு வெள்ளிநிறக் கார் வந்தது. விக்டோரியா நம்பர் பலகை. முன்சீட்டில் வழுக்கைத் தலை ஒன்று.

"அத்தான்!" என்றார் அங்கிள், மூச்சுக்குள்.

கார் ரவுண்டபௌட்டைத் தாண்டவில்லை. சுற்றி வந்தது. மறுபடியும் சுற்றியது. பிறகு ஓரமாக ஒதுங்கி நின்றது. அங்கிள் மலைமேல் நின்று கையை ஆட்டினார். ஒரு பெரிய லாரி வந்து எங்களுக்கும் அதற்கும் நடுவில் நின்றுகொண்டது. லாரியின் இடுக்கால் பார்த்தபோது காரின் இடதுபக்க விளக்கு மினுங்கியது. அணைந்தது. வலதுபக்க விளக்கு மினுங்கியது. அதுவும் அணைந்தது.

அங்கிளின் சட்டைப்பையில் போன் அடித்தது.

சேற்றுக் கையால் எடுத்தார். திரையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு வருடமாக அடிக்காத பெயர். அத்தான்.

"எடுங்கோவன்!" என்றார் அன்ரி.

"எடுத்து?"

"வழி சொல்லுங்கோ!"

"என்னெண்டு சொல்ல? மலையைச் சொல்லவோ? கொக்கைச் சொல்லவோ?" கொக்கு எங்கள் கையிலிருந்து நழுவி வானத்தைப் பார்த்தது.

"அங்கிள், ரைட்னு சொல்லுங்க! வலதுன்னு!"

"வலது... வலது எண்டா..."

வலக்கை விரல்கள் குவிந்து வாயருகே போயின. அதில் போன் இருந்தது. இடக்கைக்கு மாற்றினார். இப்போது இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார், எது தன்னுடையது, எது நிரோஜனுடையது என்பதுபோல.

"கறி அடிப்பிடிக்குது," என்றார் அன்ரி, அழுகிற குரலில். "எடுங்கோ, இஞ்சேருங்கோ, வைச்சிடப்போறார்!"

காரின் இடதுபக்க விளக்கு, நிரோஜனின் சோத்துக்கைப் பக்கம், மறுபடி மினுங்கத் தொடங்கியது. போன் அடித்துக்கொண்டே இருந்தது.